காயலான் கடைக்குப் போடும் முன்: பழைய மின்னணுச் சாதனங்களில் ஒரு மாதிரி ஊர்

நவராத்திரிக்குக் கொலு வைக்கும் பல வீடுகளில் படிகளோடு வேலை முடிவதில்லை. பக்கத்தில் தரையில் ஒரு பூங்காவும் அமைப்பார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்து ஓரத்தில் மணல் தூவினால் குளம். ஈர மண்ணில் கடுகோ கேழ்வரகோ விதைத்தால் சில நாட்களில் புல்வெளி. குளத்தைச் சுற்றி ஒரு பொம்மை ரயில். ஒரு பொருளை அதன் வழக்கமான வேலையிலிருந்து பிரித்து, உருவமாக மட்டும் பார்க்கத் தெரிந்தவர்கள் வளர்த்த கலை இது. அதே பார்வையைப் பரணில் கிடக்கும் டேப் ரெக்கார்டர், டிவிடி பிளேயர், செட்டாப் பாக்ஸ், கணினித் திரை ஆகியவற்றின் மீது திருப்பினால் என்ன கிடைக்கும், எப்படி எடுப்பது, எதைத் தொடவே கூடாது என்பதை இங்கே சொல்லப்போகிறேன்.

கொலுப் பூங்காவோ மாதிரி ரயில் பாதையோ பள்ளிக் கண்காட்சிக்கான ஊரோ, எதுவாக இருந்தாலும் பழைய சாதனத்திலிருந்து நாம் எடுப்பவை இரண்டு வகைதான். ஒன்று, எடுத்த பிறகும் தன் பழைய வேலையையே செய்யும் பாகம்: மோட்டார் சுழலும், எல்இடி எரியும், காந்தம் பிடித்துக்கொள்ளும். மற்றொன்று, வேலையை விட்டுவிட்டு உருவமாக மட்டும் நிற்கும் பாகம்: தண்ணீர்த் தொட்டியாகும் மின்தேக்கி, கூரையாகும் கேபிள். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் மோட்டாரைத்தான் முதலில் தேடுகிறார்கள். உருவப் பாகங்களில் தொடங்குவதே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். அவற்றுக்கு மின்சாரம் வேண்டாம். ஒரு ஸ்கேலும் ஒரு பெருக்கல் கணக்கும் போதும். அந்தக் கணக்கைச் செய்யப் பழகிய கண், பிறகு எந்தச் சாதனத்தைத் திறந்தாலும் தனக்கு வேண்டியதைத் தானே கண்டுபிடித்துவிடும்.

எண்பத்தேழால் பெருக்குங்கள்

மாதிரி ரயில் உலகில் மிகப் பரவலான அளவு விகிதம் 1:87. இதை எச்ஓ என்பார்கள். நிஜத்தில் 87 மி.மீ. இருப்பது மாதிரியில் 1 மி.மீ. ஆகும். 170 செ.மீ. உயரமுள்ள மனிதர் 19.5 மி.மீ. உயரத்தில் நிற்பார். இதைவிடச் சிறிய 1:160 விகிதத்தில் அதே மனிதர் 11 மி.மீ.கூட இருக்கமாட்டார். கடைகளில் கிடைக்கும் சிறிய உலோகப் பொம்மைக் கார்கள் ஏறத்தாழ 1:64. கொலுவில் அந்தக் கார்களை ஓடவிடுவதாக இருந்தால் 1:64ஐயே எடுத்துக்கொள்வது வசதி. எதுவானாலும் ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நிற்க வேண்டும்.

பாகம் தேடும்போது பலரும் “எனக்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டும், எதில் கிடைக்கும்?” என்று தொடங்குவார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். கையில் இருக்கும் பாகத்தை மில்லிமீட்டரில் அளந்து 87ஆல் பெருக்குங்கள். வரும் எண் ஊரில் எந்தப் பொருளின் அளவு என்று யோசியுங்கள்.

ஆடியோ ஆம்பிளிஃபயர், செட்டாப் பாக்ஸ் போன்றவற்றின் பலகையில் கருப்பு அல்லது நீல உறை போட்ட உருளைகள் நிற்கும். அவை மின்தேக்கிகள், அதாவது கெப்பாசிட்டர்கள். எடுப்பதற்குமுன் கீழே உள்ள ‘திறக்கவே கூடாதவை’ பகுதியைப் படித்துவிடுங்கள். அவற்றில் மிகச் சாதாரணமான ஓர் அளவு 10 மி.மீ. விட்டமும் 12.5 மி.மீ. உயரமும். 87ஆல் பெருக்கினால் 87 செ.மீ. விட்டம், ஏறத்தாழ 109 செ.மீ. உயரம். மொட்டை மாடியில் நிற்கும் 500 லிட்டர் கருப்புத் தொட்டி கிட்டத்தட்ட அந்த அளவில்தான் இருக்கும். உறை கருப்பாகவே இருந்தால் பாதி வேலை முடிந்தது. அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கம்பிகளை வெட்டிவிடாதீர்கள். அட்டையில் செய்த மாடித் தளத்தில் அவற்றைக் குத்தி நிறுத்தலாம். விட்டம் சரியாக இருந்து உயரம் கூடுதலாக இருந்தால், தளத்தில் வட்டமாகத் துளையிட்டுக் கொஞ்சம் உள்ளே இறக்கிவிடுங்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மின்தேக்கியின் தலையில் சிலுவை போலவோ ‘கே’ எழுத்து போலவோ கீறல் இருக்கும். பக்கத்தில் எண்கள் அச்சாகியிருக்கும். பார்ப்பவர் அதைப் பார்த்து “அட, கெப்பாசிட்டர்” என்று சொல்லிவிட்டால் காட்சி அங்கேயே உடைந்துவிடும். துளையிடும் கருவியால் வெட்டிய காகித வட்டத்தை மூடியாக ஒட்டி, அதன் நடுவில் ஒரு சிறிய மணியை வையுங்கள். பிறகு முழுவதும் மங்கலான கருப்பு வண்ணம் அடித்து, காய்ந்ததும் மேற்பகுதியில் மட்டும் வெளிறிய சாம்பல் நிறத்தை உலர்ந்த தூரிகையால் லேசாகத் தேய்த்தால் பல ஆண்டு வெயில் பட்ட தொட்டி தெரியும். உருவப் பாகங்கள் எல்லாவற்றுக்கும் இதுவே விதி: அச்செழுத்து, பளபளப்பு, தொழிற்சாலை நிறம் மூன்றையும் மறைத்த பிறகே அது ஊருக்குள் வரலாம். பச்சை நிறச் சர்க்யூட் பலகையை அப்படியே வைத்து ‘நகரம்’ என்று காட்டும் வேலைகளை நான் ரசிப்பதில்லை. அதில் பலகைதான் தெரிகிறது, நகரம் தெரிவதில்லை.

பழைய பலகைகளில் பளபளக்கும் சிறிய உலோகக் கூடு ஒன்றும் இருக்கும். இரண்டு கால்களும் மேலே அதிர்வெண் எண்ணும் கொண்ட அது குவார்ட்ஸ் படிகம். அதன் உயரமான வகை ஏறத்தாழ 11 மி.மீ. அகலமும், 5 மி.மீ.க்குச் சற்றுக் குறைந்த தடிமனும், 13 மி.மீ. சொச்சம் உயரமும் கொண்டது. பெருக்கினால் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம், 40 செ.மீ. ஆழம், 1.2 மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம். தெருவோரத்தில் மின்வாரியம் வைத்திருக்கும் பில்லர் பாக்ஸ் அதுவேதான். சாம்பல் வண்ணம் அடித்து, நடுவில் செங்குத்தாக ஒரு கோடு கீறி, அடியில் கொஞ்சம் துருநிறம் தடவினால் போதும். அதன் ஓரத்தில் பாதி கிழிந்த சுவரொட்டி ஒன்றையும் ஒட்டிவிட்டால் எந்த ஊர் என்று கேட்க வேண்டியதில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குப் பழைய கணினிகளின் தட்டைக் கேபிள் நல்லது. வன்தட்டையும் சிடி டிரைவையும் இணைத்த அகலமான சாம்பல் பட்டை அது. நாற்பது கம்பி கொண்ட வகையில் ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டுக்கு 1.27 மி.மீ. இடைவெளி. 1:87இல் அது 11 செ.மீ. ஆகும். நிஜ ஆஸ்பெஸ்டாஸ் தகட்டில் இந்த இடைவெளி 14.6 செ.மீ. கண்ணுக்கு அந்த வேறுபாடு தெரியாது. இரண்டு எச்சரிக்கைகள்: அந்தக் கேபிளின் மேலுறை மென்மையாக்கிய பிவிசி. எனாமல் பெயின்ட் அதன்மேல் காயாமல் பிசுபிசுத்துக்கொண்டே இருக்கலாம். நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம்தான் சரி. மேலும், பிவிசியை மென்மையாக்கச் சேர்க்கும் பொருள் மெல்ல மெல்லத் தெர்மகோலுக்குள் இறங்கி அதை அரித்துவிடும். தெர்மகோல் சுவரின் மேல் இந்தக் கூரையை நேரடியாக வைக்காதீர்கள். இடையில் ஒரு அட்டை இருக்கட்டும்.

டிரான்சிஸ்டர் ரேடியோவின் நீட்டி மடக்கும் ஏரியல் ஒரு புதையல். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள் அதில் வரிசையாக இருக்கும். நுனித் துண்டு பெரும்பாலும் கெட்டிக் கம்பி. அதற்கு அடுத்த மெல்லிய குழாய்கள் தெருவிளக்குக் கம்பத்துக்கு ஏற்றவை. உள்ளே கம்பி ஓட்டலாம் என்பதால் விளக்கு எரிவதற்கான இணைப்பு வெளியே தெரியாது. 8 மீட்டர் கம்பம் 1:87இல் 92 மி.மீ. தடித்த குழாய்களைக் கோயில் கொடிமரத்துக்கோ செங்கல் சூளைப் புகைபோக்கியின் உள்தண்டுக்கோ ஒதுக்குங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பாகம் பழைய எல்சிடி கணினித் திரையில் இருக்கிறது. திரைக்குப் பின்னால், விளக்கு வெளிச்சத்தை முழுப் பரப்புக்கும் பரப்புவதற்காக ஒரு தடித்த தெளிவான அக்ரிலிக் தகடு வைத்திருப்பார்கள். 17 அங்குலச் சதுரத் திரையில் அது ஏறத்தாழ 34 செ.மீ. நீளமும் 27 செ.மீ. அகலமும் இருக்கும். 1:87இல் 29 மீட்டருக்கு 23 மீட்டர். சிறிய ஊரின் கோயில் குளம். அட்டையில் நான்கு பக்கமும் படிக்கட்டு கட்டி, அடித்தளத்தைக் கரும்பச்சையும் பழுப்புமாக வண்ணமடித்து, நீர் மட்டத்தில் இந்தத் தகட்டைப் பதியுங்கள். படிகள் தகட்டுக்கு அடியிலும் தொடர்ந்து இறங்குவது தெரியும்போது குளத்துக்கு ஆழம் வந்துவிடுகிறது. கண்ணாடி வைத்த குளத்தில் இது கிடைக்காது. தகட்டின் ஒரு முகத்தில் நுண்ணிய புள்ளிகள் இருக்கும். அந்த முகம் கீழே போகட்டும். அது தரும் லேசான கலங்கலும் குளத்து நீருக்குப் பொருத்தம்தான். அதனுடன் வரும் பால்வெள்ளைத் தாள்களைத் தூக்கி எறியாதீர்கள். உள்ளே விளக்கு எரியும் வீட்டின் சன்னலுக்கு அவற்றைவிட நல்ல கண்ணாடி இல்லை.

ஒன்று மட்டும் கவனம். இத்தகைய பழைய எல்சிடி திரைகள் பெரும்பாலானவற்றிலும் பழைய ஸ்கேனர்கள் பலவற்றிலும் வெளிச்சம் தருவது பென்சிலைவிட மெல்லிய ஒளிக்குழல். அதற்குள் பாதரசம் இருக்கிறது. அது உடையாமல் தனியே எடுத்து வைக்கப்பட வேண்டிய பொருள்; அது இருக்கிறது என்று தெரிந்தால் அந்தத் திரையைத் தொடக்கக்காரர்கள் விட்டுவிடுவது நல்லது.

மரத்துக்குச் செப்புக் கம்பி. பல இழைகள் கொண்ட வயரின் மேலுறையை உரித்து, இழைகளைக் கற்றையாகப் பிடித்து முறுக்குங்கள். அடியில் வேர்களாகவும் மேலே கிளைகளாகவும் பிரித்துப் பிரித்து முறுக்கிக்கொண்டே போனால் மரம் வந்துவிடும். 12 மீட்டர் வேப்பமரம் 14 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஃபெவிகாலுடன் மரத்தூள் கலந்து பூசினால் பட்டை. பச்சை வண்ணத்தில் ஊறவைத்துக் காயவைத்த பஞ்சுத் துகள் இலை. செம்பை எடுக்க வயரை எரிக்க வேண்டாம். பிவிசி எரிந்தால் வரும் புகை கொடிய நஞ்சு. கத்தியால் உரிப்பதற்குக் கொஞ்ச நேரம்தான் ஆகும்.

திறக்கவே கூடாதவை

அடுத்து மோட்டாருக்கும் விளக்குக்கும் போக வேண்டும். அதற்குமுன் இந்தப் பகுதியை முழுவதும் படித்துவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டால் சாதனம் செத்துவிட்டது என்ற நம்பிக்கையே இந்தப் பொழுதுபோக்கில் மிகப் பெரிய ஆபத்து.

மின்தேக்கியின் வேலையே மின்சாரத்தைத் தேக்கி வைப்பது. நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரம் கணினியின் பவர் சப்ளை போன்ற ஒன்றுக்குள் நுழைந்து நேர்மின்னோட்டமாக மாறும்போது ஏறத்தாழ 325 வோல்ட் ஆகி அங்குள்ள பெரிய மின்தேக்கியில் உட்கார்ந்துகொள்கிறது. பழைய ஃபிலிம் கேமராவின் ஃப்ளாஷிலும் 300 வோல்ட் வரை இருக்கும். அது கைக்கடக்கமான சிறு கேமரா என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. பருத்த பின்புறம் கொண்ட பழைய டிவியின் படக்குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். குழாய் உடைந்தால் கண்ணாடித் துண்டுகள் தெறிக்கும். மைக்ரோவேவ் அடுப்பில் 2,000 வோல்ட்டைத் தாண்டும் மின்தேக்கி உண்டு. அது உயிரையே எடுத்துவிடும். டிவி, மைக்ரோவேவ், ஃப்ளாஷ் கேமரா, எந்தச் சாதனத்தின் பவர் சப்ளைப் பெட்டியும்: இவற்றைத் தொடக்கத்தில் திறக்கவே வேண்டாம். “திருப்புளியால் இரண்டு முனைகளையும் தொட்டுவிட்டால் இறங்கிவிடும்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மின்கலத்தில் ஓடிய சாதனங்கள், வெளியே தனி அடாப்டர் கொண்ட சாதனங்கள் ஆகியவைதான் கற்றுக்கொள்ள ஏற்றவை. அவற்றின் உள்ளே வருவது பெரும்பாலும் 5 அல்லது 12 வோல்ட் மட்டுமே. கணினிக்குள் பொருத்தும் டிவிடி டிரைவும் இந்த வகைதான். வரவேற்பறையில் இருந்த டிவிடி பிளேயர் அப்படியல்ல. அதற்குள் 230 வோல்ட் வரும் பலகை ஒன்று தனியே இருக்கும். அதிலிருந்து டிரைவ் பகுதியை மட்டும் கழற்றித் தரச் சொல்லி டிவி மெக்கானிக்கிடம் கேட்கலாம்.

லித்தியம் மின்கலம் இன்னொரு எதிரி. பழைய கைபேசியின் பாட்டரி உப்பியிருந்தால் அந்தக் கைபேசியைத் திறக்க முயல வேண்டாம். நெம்பும்போது குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். டிவிடி டிரைவின் லென்ஸுக்குப் பின்னால் லேசர் இருக்கிறது. சிடிக்கான கதிர் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு என்பதால் எரிகிறதா என்று உற்றுப் பார்ப்பது பார்வையையே பறித்துவிடலாம். லேசருக்கு ஒருபோதும் மின்சாரம் கொடுக்காதீர்கள். பழைய பலகைகளில் பற்றவைத்திருப்பது ஈயம் கலந்த உலோகம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சாப்பாட்டு மேசையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். சிறு பிள்ளைகள் வண்ணமடிக்கட்டும், மரம் முறுக்கட்டும். கழற்றும் வேலை பெரியவர்களுடையது.

சுழல்பவை

பழைய மோட்டாரைக் கையில் எடுத்தவுடன் அதன் அச்சில் நேரடியாக எதையாவது மாட்டத் தோன்றும். அப்படிச் செய்தால் ராட்டினம் மேசை விசிறியாகிவிடும். சிறு மோட்டார்கள் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றுபவை. திருவிழா ராட்டினத்துக்கு நிமிடத்துக்குச் சில சுற்றுகள் போதும். வேகத்தைக் குறைக்கும் அமைப்புதான் நமக்கு வேண்டியது. மோட்டார் அதில் ஒரு உறுப்பு, அவ்வளவே.

பல்சக்கரங்களின் கணக்கு எளிது. 12 பல் கொண்ட சக்கரம் 48 பல் சக்கரத்தை ஓட்டினால் வேகம் நான்கில் ஒன்றாகும். இப்படி மூன்று அடுக்கு வைத்தால் அறுபத்து நான்கில் ஒன்று. ஆனால் வெவ்வேறு சாதனங்களிலிருந்து சக்கரங்களைச் சேகரித்து இந்த அடுக்கைக் கட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஒன்றின் பல் அளவு இன்னொன்றோடு பொருந்தாது. பொருந்தினாலும் அச்சுகளுக்கு இடையிலான தூரம் கால் மி.மீ. தவறினால் சிக்கிக்கொள்ளும் அல்லது வழுக்கும். டப்பா நிறையத் தனிச் சக்கரங்களை வைத்திருப்பவர்களைவிட, சட்டத்தோடு சேர்ந்த ஒரே ஒரு முழு அமைப்பை வைத்திருப்பவரே வேலையை முடிக்கிறார். மோட்டார், பெல்ட், சக்கரங்கள், அவை பொருந்தியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம் எல்லாவற்றையும் ஒன்றாக எடுங்கள். தேவைப்பட்டால் சட்டத்தைச் சுற்றி ரம்பத்தால் அறுத்து எடுங்கள்.

ராட்டினத்துக்கு டேப் ரெக்கார்டர் போல் வாய்ப்பது அரிது. கேசட்டில் நாடா நொடிக்கு 4.76 செ.மீ. ஓடும் என்பது உலகெங்கும் ஒரே அளவு. நாடாவைச் சுற்றும் உருளையின் ஆரம் ஏறத்தாழ 1.1 செ.மீ.இல் தொடங்கி 2.5 செ.மீ. வரை வளரும். கணக்குப் போட்டால் அந்த உருளை நிமிடத்துக்கு நாற்பது சுற்றில் தொடங்கி இருபதுக்கும் கீழே வந்து முடிகிறது. கேசட் இல்லாமல் ஓடவிட்டால் நாற்பதைவிடக் கொஞ்சம் கூடும். அதாவது, வேகக் குறைப்பு வேலையில் பெரும்பகுதியைத் தொழிற்சாலையே செய்து கொடுத்துவிட்டது. அந்த உருளையில் ஒரு சிறு கப்பியும் ராட்டினத்தின் அச்சில் அதைவிடப் பத்து மடங்கு விட்டமுள்ள சக்கரமும் வைத்து ரப்பர் பெல்ட் மாட்டினால் நிமிடத்துக்கு நான்கைந்து சுற்று.

இதில் இன்னொரு நன்மையும் மறைந்திருக்கிறது. நாடாவைச் சுற்றும் உருளை வழுக்கும் பிடிமானத்தோடு அமைக்கப்பட்டது. நாடா இறுகினால் அறுந்துவிடாமல் உருளை வழுக்கிக்கொடுக்கும். கொலு பார்க்க வந்த குழந்தை ராட்டினத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாலும் மோட்டார் புகையாது. பிடிமானம் வழுக்கும், கையை எடுத்ததும் மீண்டும் சுற்றும். பல ஆண்டு கிடந்த டேப் ரெக்கார்டரில் பழைய ரப்பர் பெல்ட் தார் போல உருகி ஒட்டியிருக்கும். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் பொறுமையாகத் துடைத்துவிட்டுப் புது பெல்ட் போடுங்கள். சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இத்தகைய உதிரிகளைத் தேடலாம்.

டிவிடி டிரைவில் மூன்று மோட்டார்கள் உள்ளன. தட்டை வெளியே தள்ளுவது சாதாரண நேர்மின்னோட்ட மோட்டார். பெல்ட்டும் சில பல்சக்கரங்களும் அதனுடன் சேர்ந்தே வரும். முன்பக்கச் சட்டத்தோடு எடுத்து, 3 வோல்ட் போல மெதுவாக ஓடும் அளவுக்கு மின்சாரம் கொடுத்தால் ரயில்வே கேட் ஏறி இறங்கப் பயன்படும். இரண்டு இணைப்புகளையும் மாற்றிக் கொடுத்தால் எதிர்த் திசையில் ஓடும். வட்டைச் சுழற்றும் மோட்டாரை விட்டுவிடுங்கள். அதை ஓட்டத் தனிச் சுற்று வேண்டும். லேசரை நகர்த்துவது நான்கு இணைப்புகள் கொண்ட ஸ்டெப்பர் மோட்டார். மரையிட்ட தண்டோடு இணைந்து அது மிக நுண்ணிய அடிகளாக நகரும். பாட்டரியை நேராகக் கொடுத்தால் அது ஓடாது; நிரல் எழுதி இயக்கும் சிறு பலகையான அர்டுயினோவும், மோட்டாருக்கு மின்சாரத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கும் எல்293டி போன்ற ஒரு ஓட்டுச் சில்லும் தேவை. அதை இப்போதைக்குப் பெட்டியில் பத்திரப்படுத்துங்கள்.

வன்தட்டைப் பற்றிக் கேட்பார்கள். கண்ணாடி போல மின்னும் அதன் வட்டுகள் பூங்காத் தடாகத்துக்கு நன்றாக இருக்கும். மேசைக்கணினி வன்தட்டில் அவை பெரும்பாலும் அலுமினியம். மடிக்கணினியினுடையவை பலவும் கண்ணாடி. வளைத்தால் சில்லுச்சில்லாகத் தெறிக்கும். உள்ளே இருக்கும் இரண்டு வளைந்த காந்தங்கள் மிகவும் சக்தி வாய்ந்தவை. பகுதி பகுதியாகச் செய்த தளத்தைச் சேர்த்துப் பிடிக்க அவை உதவும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும்போது இடையில் விரல் இருந்தால் சதை நசுங்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்குப் பக்கத்தில் அவை இருக்கவே கூடாது.

பழைய சாதனத்தில் ஓடும் மாதிரி உலகம் என்பதற்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், அதாவது எம்ஐடியில், 1946இல் மாணவர்கள் மாதிரி ரயில் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். மேசைக்கு மேலே மலையும் ஊரும் ரயிலும் இருந்தன. மேசைக்கு அடியில், தொலைபேசி நிலையங்களுக்கான, மின்காந்தச் சுருளால் இணைப்பைத் திறந்து மூடும் ரிலேக்களையும் சுவிட்சுகளையும் கொண்டு ஒரு கட்டுப்பாட்டு அமைப்பை உருவாக்கினார்கள். எந்த ரயிலை யார் ஓட்டுவது என்பதைத் தொலைபேசியின் எண் வட்டைச் சுழற்றித் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மேசைக்கு அடியில் புகுந்து கற்றுக்கொண்டவர்களில் பலர் பின்னர் கணினித் துறையின் தொடக்கக்கால நிரலாளர்களானார்கள்.

எரிபவை

எல்இடியைச் சோதிக்க, மின்னளவுகளை அளக்கும் கருவியான மல்டிமீட்டரில் டையோடு குறியை வைத்து இரண்டு கால்களையும் தொடுங்கள். சரியான திசையில் மங்கலாக எரியும். எந்தக் கால் நேர்முனை என்பதும் தெரிந்துவிடும். மின்சாரத்துக்கு, பழைய கைபேசியின் 5 வோல்ட் சார்ஜரே போதும். அதை உடைக்காமல் முழுதாகப் பயன்படுத்துங்கள்.

ஒவ்வொரு எல்இடிக்கும் ஒரு மின்தடை, அதாவது ரெசிஸ்டர், கட்டாயம். சிவப்பு, ஆரஞ்சு எல்இடி ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். வெள்ளை 3 வோல்ட். 5 வோல்ட்டிலிருந்து அதைக் கழித்து, வேண்டிய மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடையின் அளவு வரும். வெள்ளை எல்இடியில் 10 மில்லிஆம்பியர் ஓட வேண்டுமானால் 2ஐ 0.01ஆல் வகுக்க 200 ஓம்; பக்கத்தில் கிடைக்கும் மதிப்பு 220 ஓம். புத்தகக் கணக்கு இதுதான். ஆனால் மாதிரி ஊருக்கு இந்த வெளிச்சம் மிக அதிகம். வீடு முழுவதும் வெல்டிங் நடப்பது போல இருக்கும். 1,000 ஓம் போடுங்கள். 2 மில்லிஆம்பியர்தான் ஓடும், அதுவே மாலை நேர வீட்டு வெளிச்சம். பழுப்பு, கருப்பு, சிவப்பு வளையங்கள் கொண்ட அந்த 1,000 ஓம் மின்தடையைப் பழைய பலகைகளில் எளிதாகக் காணலாம். அதிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்இடியின் நிறம் காலத்தையும் சொல்லும். நம் தெருக்களில் வெகுகாலம் எரிந்தவை சோடியம் ஆவி விளக்குகளின் ஆரஞ்சு மஞ்சள். இப்போது வெள்ளை எல்இடி. உங்கள் ஊர் 1990களில் நிற்கிறது என்றால் தெருவுக்கு ஆரஞ்சு எல்இடியும் வீட்டுக்குள் மஞ்சள் வண்ணம் பூசிய வெள்ளை எல்இடியும் வையுங்கள்.

கம்பத்துக்குள் ஓட்டும் கம்பிக்கு ரிலேயின் சுருளைப் பிரியுங்கள். முடி போன்ற செப்புக் கம்பி பல மீட்டர் கிடைக்கும். அதன்மேல் மெல்லிய காப்புப் பூச்சு இருக்கும். நுனியில் மட்டும், சூடான சால்டரிங் அயர்னில் ஈயத் துளியை வைத்துச் சற்று நேரம் பிடித்தால் பல கம்பிகளில் பூச்சு விலகிவிடும். விலகாவிட்டால் உப்புத்தாளால் மெல்லத் தேயுங்கள்.

கழற்றும் முறை

ஒரு மல்டிமீட்டர், இரண்டு அளவில் நட்சத்திரத் திருப்புளி, மூக்குக் குறடு, பாதுகாப்புக் கண்ணாடி, 25 வாட் சால்டரிங் அயர்ன். வேறு எதுவும் இப்போது வாங்க வேண்டாம். சாதனம் இன்னும் ஓடுகிறது என்றால், திறப்பதற்குமுன் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எது எந்த வேகத்தில் சுழல்கிறது, எந்த விளக்கு எந்த நிறம் என்பது அப்போதே தெரிந்துவிடும். பிறகு மின்கலத்தையும் அடாப்டரையும் அகற்றி ஒரு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். பலகையில் பெரிய மின்தேக்கி தெரிந்தால் கை வைக்கும்முன் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள்.

வயரைப் பாகத்தின் பக்கம் வெட்டாதீர்கள். பலகையின் பக்கம் வெட்டுங்கள். மோட்டாரோடு பத்து செ.மீ. வயர் சேர்ந்து வந்தால் அதைப் பற்றவைக்கும் தொல்லையே இல்லை. பாகத்தை எடுத்ததும் சிறு காகிதத்தில் மூன்று செய்தி எழுதி அதிலேயே ஒட்டுங்கள்: எந்தச் சாதனத்தில் இருந்தது, எத்தனை வோல்ட், எத்தனை மி.மீ. பெயரில்லாத மோட்டார் ஆறு மாதத்துக்குப் பிறகு பழைய இரும்புதான். உங்கள் விகிதத்தில் எந்த நிஜப் பொருளுக்கும் பொருந்தாத பாகத்தை “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று சேர்க்க வேண்டாம். பரணில் இருந்த குப்பை மேசைக்கு இடம் மாறியிருக்கும், அவ்வளவே.

எடுத்ததுபோக மிஞ்சும் பலகை, உடைந்த பிளாஸ்டிக், மோட்டார் கூடு எல்லாம் சட்டப்படி மின்னணுக் கழிவு. இந்தியாவில் 2022ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. வீட்டுக் குப்பையோடு கலக்காமல், பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கோ கழிவைப் பெற்றுக்கொள்ளும் சேகரிப்பு மையத்துக்கோ கொடுக்க வேண்டும். பலகைகளை ஒரு சாக்கில் சேருங்கள். லித்தியம் மின்கலங்களை அதில் போடாதீர்கள். அவற்றின் இரு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனி உறையில் வைத்து, கொடுக்கும்போது மின்கலம் என்று சொல்லிக் கொடுங்கள்.